வெள்ளை நாடா கட்டிய பெஞ்சு

பேராலயத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. எல்லோருக்கும் நான் பெஞ்சக்கா. கல்யாணமா, அடக்கமா, குருப்பட்டமா, எதுவானாலும் யார் எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பது நான்தான். வாரம் முழுக்க ரயில் நிலைய முன்பதிவுக் கவுன்ட்டரில் ஜன்னலோரம், கீழ்ப்படுக்கை என்று இடம் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதே வேலையைக் கடவுள் வீட்டில் சம்பளம் இல்லாமல் செய்கிறேன். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பாவை விவரம் தெரியாமல் நாலாவது வரிசைக்கு அனுப்பிவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்குத்தான் தெரியும். முன் வரிசைக்காக மனுஷர்கள் எவ்வளவு தூரம் இறங்குவார்கள் என்று பார்த்துப் பார்த்து, அதைவிடப் பெரிய மரியாதை உலகத்தில் கிடையாது என்று நானும் நம்பிவிட்டேன்.

அந்த முன் வரிசையில் வலப்பக்கப் பெஞ்சு எங்கள் குடும்பத்துடையது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள். மறைந்த பேராயர் என் அம்மாவின் அண்ணன். எனக்கும் தம்பிக்கும் தாய்மாமா. மாமா கட்டிய ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் ஏழைக்கு இலவச வைத்தியம் நடக்கிறது. ஆலையைப் பூட்டித் தொழிலாளிகளைத் தெருவில் விட்டபோது, அங்கியோடு போய் ஆலை வாசலில் உட்கார்ந்தவர் அவர். அவரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் நாக்கு அழுகிவிடும் என்று நினைத்து வளர்ந்தவள் நான்.

மாமா இறந்து சில வருஷங்கள் கழித்து, இந்த வருஷம்தான் விசாரணை அறிக்கை வெளிவந்தது. பேராலயத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஒரு சாமியார், ‘பாட்டு ஃபாதர்’ என்று ஊரே கொண்டாடிய ஆள், பிள்ளைகளிடம் செய்யக் கூடாததைச் செய்திருக்கிறார். புகார் கிளம்பும்போதெல்லாம் அவரை வேறு ஊருக்கு மாற்றியிருக்கிறார்கள். போன ஊரிலெல்லாம் அவர் அதையே செய்திருக்கிறார். மாற்றல் உத்தரவுகளில் மாமாவின் கையெழுத்து இருந்தது. ஆனால் காரணம் தெரிந்துதான் மாற்றினாரா? ‘பேராயரிடம் நேரில் சொன்னதாக ஒரே ஒரு சாட்சி கூறுகிறார், பேராயர் இப்போது உயிரோடு இல்லாததால் உறுதிசெய்ய வழியில்லை’ என்று அறிக்கை முடித்துக்கொண்டது. ஊர் அந்த ‘ஒரே ஒரு’வைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அம்மா சாப்பாட்டு மேஜையில் சொன்னாள், “எவனோ காசுக்கு ஆசைப்பட்டுச் சொல்றான். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டார்ங்கிற தைரியம்.” நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் என் தம்பி கவுன்ட்டர் வரிசையில் வந்து நின்றான். அவன் லிஃப்ட் மெக்கானிக். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர், விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். முறை வந்ததும் கண்ணாடியில் இருந்த ஓட்டைக்கு நேராகக் குனிந்தான்.

“எந்த ஊருக்குங்க?” என்றேன் விளையாட்டாக.

“எந்த ஊருக்கும் இல்ல. அறிக்கையில ஒரு சாட்சின்னு போட்டிருக்கே, மாமாகிட்ட சொன்னேன்னு. அது நான்தான்க்கா.”

விரல்கள் கீபோர்டின் மேலேயே நின்றுவிட்டன. பதினோரு வயதில் அவன் பாட்டுக் குழுவை விட்டதும், அப்புறம் கோயில் பக்கமே வராததும், “இவனுக்குத் திமிர்” என்று நாங்கள் வீட்டில் பேசிச் சிரித்ததும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன.

“ஏன்டா இங்க வந்து சொல்ற?”

“வீட்ல சொன்னா நீ அழுவ. அம்மா என்னன்னு கேப்பாங்க. இங்க பின்னாடி இவ்வளவு பேர் நிக்கிறாங்க பாரு, உன்னால அழ முடியாது.”

சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னான். மாமாவின் அறைக்குத் தனியாகப் போயிருக்கிறான். எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். மாமா அழுதாராம். அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “இனிமே உனக்கு ஒண்ணும் ஆகாது, மாமா பாத்துக்கறேன்” என்றாராம்.

“சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டார்,” என்றான் தம்பி. “அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் ஆகல. அடுத்த ஊர்ப் பசங்களுக்குத்தான் ஆச்சு.”

பின்னால் நின்றவர் பொறுமை இழந்தார். “என்னம்மா, டிக்கெட் இருக்கா இல்லையா?”

“ரெண்டு நிமிஷம் சார்,” என்று அவருக்குச் சொல்லிவிட்டுத் தம்பி என் பக்கம் திரும்பினான். “மாமா பேரை ஆஸ்பத்திரியில வெச்சிருக்கலாமா எடுக்கலாமான்னு கமிட்டி போட்டிருக்காங்களாமே, நீயும் அதுல இருக்கியாம். என் பேரை இழுக்காத. அந்த சாட்சி பொய் சொல்லல, எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க. எனக்கு அது போதும்.”

“சொல்றேன்டா,” என்றேன். அவன் நகர்ந்தான். “அடுத்தது,” என்று குரல் கொடுத்தேன். குரல் தினம்போலவே வந்தது, அதுவே எனக்குக் கேவலமாக இருந்தது.

கமிட்டி பேராயர் இல்லத்தின் கூட்ட அறையில் கூடியது. சுவரில் மாமா பெரிய படமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். தலைமை வகித்தவர் குருகுல முதல்வர், அதாவது பேராயருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் சாமியார். கூடவே ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், ஆஸ்பத்திரியை நடத்தும் சிஸ்டர், நான். ஜெபத்தோடு ஆரம்பித்தோம்.

“ஒரு மனுஷனோட வாழ்க்கையைத் தராசுல வெச்சுப் பாக்கணும்,” என்றார் நீதிபதி. “நல்லது எவ்வளவு, குறை எவ்வளவு.”

நல்லதை வைக்க ஆரம்பித்தோம். சிஸ்டர் ஆஸ்பத்திரியை வைத்தார். நீதிபதி ஆலைப் போராட்டத்தை வைத்தார். அந்தத் தட்டு தரையைத் தொடுகிற வரைக்கும் ஆளுக்கு ஆள் வைத்துக்கொண்டே போனோம். அடுத்த தட்டுக்கு வரும்போது டீ வந்தது. டீ குடித்து முடித்ததும் குருகுல முதல்வர் தொண்டையைச் செருமினார்.

“ஒரே ஒரு சாட்சிதானே. அவரோட மனநிலை எப்படியோ, பாவம். பேராயர் குடும்பத்துல இருந்து நம்ம பெஞ்சக்கா இருக்காங்க. நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது ஒரு வரி. வாயைத் திறந்தும்விட்டேன். ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று நீதிபதி கேட்பாரே, சாயங்காலத்துக்குள் அம்மாவின் காதுக்குப் போய்விடுமே, அடுத்த ஞாயிறு நான் எந்த முகத்தோடு வாசலில் நின்று ஆட்களை உட்கார வைப்பது? அந்த ஒரு வரியை மென்று விழுங்கினேன். வாயிலிருந்து வேறொன்று வந்தது.

“மாமாவோட நினைவுத் திருப்பலி வருதே ஃபாதர். அதையே மன்னிப்புத் திருப்பலியா வெக்கலாம். பாதிக்கப்பட்டவங்கள முன் வரிசையில உட்கார வெப்போம். எங்க குடும்பம் உட்கார்ற பெஞ்சையே விட்டுக்கொடுக்கறோம்.”

அறையே வெளிச்சமானது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பேராயரோட ரத்தம்னா சும்மாவா!” என்றார் குருகுல முதல்வர். பெயரை என்ன செய்வது என்பதைத் திருப்பலிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருமனதாகத் தள்ளிப்போட்டோம். அந்த ஒரு நிமிஷம் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது என்பதையும் சொல்லியாக வேண்டும். கைதட்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

தம்பியிடம் சொல்ல ஆஸ்பத்திரிக்கே போனேன். மாமா பெயர் வாசலில் பெரிதாக இருக்கிற அந்த ஆஸ்பத்திரியின் லிஃப்ட்டுகளையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். லிஃப்ட் குழிக்குள் இறங்கி நின்றிருந்தான். தலை மட்டும் தரை மட்டத்தில் தெரிந்தது.

“சொல்லிட்டியா?” என்றான்.

“அதைவிடப் பெருசா ஒண்ணு பண்ணியிருக்கேன்டா,” என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். அவன் கையிலிருந்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

“முன் பெஞ்சுல யாருக்கா உட்காருவா?”

“நீங்கதான்டா.”

“உட்கார்ந்தா நான் யாருன்னு கோயில் முழுக்கத் தெரிஞ்சிடும். உட்காரலேன்னா, பாத்தியா, ஒருத்தனும் வரல, எல்லாம் கட்டுக்கதைன்னுவாங்க. நீ எங்களுக்கு இடம் குடுக்கலக்கா. பொறி வெச்சிருக்க.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை வருஷம் இடம் பிரித்தவளுக்கு இது ஏன் தோன்றவில்லை? எங்களுக்கு முன் வரிசை என்றால் மரியாதை. முதுகுக்குப் பின்னால் ஆயிரம் கண் இருக்கும் இடம் அது என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

“மாமா பேரை எடுக்கணுமாடா?” என்று கேட்டேன், வேறு ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக.

“பேரை என்னவோ பண்ணிக்கங்க. நல்ல ஆஸ்பத்திரி இது. அவர்தான் கட்டினார், யாரு இல்லேன்னா? ஆனா அவர் நல்லவரா இருக்கறதுக்காக நான் பொய்யனா இருக்கணுமா?” அவன் கீழே குனிந்துகொண்டான். “தள்ளி நில்லு, கதவை மூடிப் பாக்கணும்.”

மாற்றிவிடலாம் என்று குருகுல முதல்வரிடம் ஓடினேன். அறிவித்தாகிவிட்டதாம், டிவிக்காரர்களும் வருகிறார்களாம். “உங்க யோசனைதானேம்மா,” என்று சிரித்தார்.

அம்மாவிடம் அந்தப் பெஞ்சு இனி நம்முடையது இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதனால் திருப்பலி காலையில் இருக்க, சாயங்காலம் என்று ஒரு பொய்யைச் சொல்லி அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன்.

வலப்பக்க முதல் பெஞ்சில் வெள்ளை சாட்டின் நாடாவை நானே கட்டினேன். கல்யாணங்களுக்கு வாங்கி வைத்திருந்த அதே நாடா. நடுவில் ஒரு அட்டை: ‘பாதிக்கப்பட்ட நம் சகோதர சகோதரிகளுக்கு.’ ஆலயம் நிறைந்தது. பக்கவாட்டில்கூட ஆட்கள் நின்றார்கள். அந்தப் பெஞ்சு மட்டும் காலி. வருகைப் பாடல் முடிந்தது, முதல் வாசகம் முடிந்தது. யார் வருகிறார்கள் என்று எல்லோரும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். “ஒருத்தரும் வரலயே” என்று யாரோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அப்போதுதான் பின் தூண் ஓரமாகத் தம்பி நிற்பதைப் பார்த்தேன். முழுக்கைச் சட்டை போட்டு, கிரீஸ் போகக் கைகழுவி, கூட்டத்தில் ஒருவனாக நின்றான்.

இரண்டாம் வாசகத்தின்போது நடுவாசல் வழியாக அம்மா வந்தாள். டாக்ஸி பிடித்து வந்திருக்கிறாள். அண்ணனின் நினைவு நாள் திருப்பலி எத்தனை மணிக்கு என்று அவளுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேராக, எப்போதும் போல, வலப்பக்க முதல் பெஞ்சுக்கு நடந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் நாடாவைத் தூக்கிவிட்டு, குனிந்து உள்ளே நுழைந்து உட்கார்ந்தாள். காதுக் கருவியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். ஆலயத்து ஒலிபெருக்கிக்கு அது கீச்சென்று கத்தும். அதனால் கோயிலுக்குள் அவள் அதை மாட்டுவதே இல்லை.

சலசலப்பு எழுந்தது. பேராயரின் தங்கை எதற்கு அங்கே உட்காருகிறாள்? கேலி செய்கிறாளா? டிவி கேமரா அவள் பக்கம் திரும்பியது. பின்னால் இருந்த ஒரு பெண், “என்ன நெஞ்சழுத்தம்!” என்று சத்தமாகவே சொன்னாள். அம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள்.

தம்பி தூணை விட்டு நகர்ந்தான். நடுப்பாதையில் யாரையும் பார்க்காமல் நடந்து வந்து, நாடாவுக்குக் கீழே நுழைந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“வாடா!” என்றாள் அம்மா. அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. “இப்பவாவது வந்தியே. அண்ணன் இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!”

ஆலயம் முழுக்கக் கேட்டது. தம்பியின் கழுத்து சிவந்தது.

நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தபடி, மறையுரைக்கு முன் புதிய பேராயர் பீடத்தை விட்டு இறங்கினார். அந்தப் பெஞ்சின் முன் வந்து, இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றினார். அம்மா பதறிப்போனாள்.

“ஐயோ ஆண்டவரே, எங்க முன்னாடி எதுக்கு?” எழுந்திருக்கப் போனவளின் கண்ணில் அட்டை பட்டது. மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தாள். மறுபடி படித்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் அவளுடைய காதருகில் குனிந்து பேசினான். பேசி முடித்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

“என்னடி சொல்றான் இவன்?” அம்மா பக்கவாட்டில் நின்ற என்னைப் பார்த்துக் கேட்டாள். “பாட்டு ஃபாதர்ங்கிறான். அண்ணன்கிட்ட சொன்னேங்கிறான். பாதி கேக்கல. என்னடி இது, நிஜமா?”

போனேன். குனிந்து அவள் காதுக்குள், “நிஜம்தாம்மா,” என்றேன்.

“சத்தமா சொல்லேன்டி. மிஷின் பைக்குள்ள இருக்கு.”

என் கை அவளுடைய பைக்குப் போனது. மிஷினை எடுத்து அவள் காதில் மாட்டிவிட்டால் போதும், யாருக்கும் தெரியாமல் சொல்லிவிடலாம். ஜிப்பைப் பாதி இழுத்தும்விட்டேன். தம்பி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. எதிர்பார்த்ததுதானே என்பதுபோல் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டேன்.

“நிஜம்மா!” என்றேன் உரக்க. “அந்த சாட்சி இவன்தான். இவன் பொய் சொல்லல. சின்னப் பையனா மாமாகிட்ட போய்ச் சொன்னான். மாமாவுக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்த ஆளை அடுத்த ஊருக்கு அனுப்பினார்!”

முழங்காலிட்டிருந்த பேராயரின் அங்கியில் மைக் இருந்தது. என் குரல் ஒலிபெருக்கி வழியாக எனக்கே திரும்பி வந்தது.

அம்மா ஜெபமாலையை மடியில் வைத்தாள். அப்புறம் கைத்தடியைத் தேடினாள். “அப்ப இது எனக்கான இடம் இல்லையே,” என்று எழுந்தாள். தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்து, “உட்காரும்மா,” என்றான். உட்கார்ந்தாள். அவன் முழங்காலில் கையை வைத்துக்கொண்டாள்.

“காசுக்காகச் சொல்றான்னு சொன்னேனே,” என்றாள், அதே சத்தத்தில். “உன்னையா சொன்னேன் நான்? ஐயோ, உன்னையா?”

அதே வார்த்தையைச் சொல்லாத வீடு அந்த ஊரில் எத்தனை இருக்கும்? நீதிபதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எட்டாவது வரிசையிலிருந்து பேங்க் மேனேஜர் எழுந்தார். வருஷக்கணக்காக நான் தூண் ஓரத்தில் உட்கார வைக்கிற ஆள். தனக்குத் தூண் ஓரம்தான் வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்ட இடம், ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மனைவியின் கையிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டு நடந்து வந்து, பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. தலைகுனிந்து அங்கேயே நின்றேன்.

திருப்பலி முடிந்ததும் வாசல் படியில் சிலர் என் கையைப் பிடித்து, “என்ன தைரியம்!” என்றார்கள். குருகுல முதல்வர் மட்டும் முகம் கொடுக்காமல், “இதைக் கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமேம்மா. நாங்க கேட்டோமே,” என்றார். அந்த மனுஷன் வாழ்க்கையில் ஒரு உண்மையான வார்த்தை பேசினார் என்றால் அது அன்றைக்குத்தான். கேட்கத்தான் செய்தார்கள்.

அம்மாவை டாக்ஸியில் உட்கார வைத்துவிட்டுத் தம்பி திரும்பி வந்தான். ஆளைப் பார்த்தால் ஒரே நாளில் வயது கூடியதுபோல் இருந்தான். ஊரெல்லாம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் பெயரை இழுக்க மாட்டேன் என்று சொன்னவள் நான்.

“டிவில வருமாமே,” என்றான்.

“மன்னிச்சிடுடா,” என்றேன்.

அவன் டாக்ஸியின் ஜன்னலைப் பார்த்தான். அம்மா காதுக் கருவியை மாட்ட முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மாவுக்குக் காது நல்லா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பக்கா?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவனுக்குத் தெரியாததா?

“காதுக்குள்ளயே சொல்லியிருப்பேன்டா,” என்றேன்.